பேர் வெட்டாத ஆறு கோப்பைகள்

இப்போது வேலையில் இருக்கும் நர்ஸ் பெண்கள் மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஓய்வு பெற்றவளைப் பார்க்க வந்த பாசம் என்று நினைத்து முறுக்குத் தட்டை எடுத்து வைத்தேன். பாசம் பாதிதான், மீதி விசாரணை. இப்போதெல்லாம் மனநலப் பிரிவில் ஒரு மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும், சொன்னதையும் கேட்டதையும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பி நிரப்பிக் களைத்துப்போன ஒரு பெண் கேட்டாள்.

"மேடம், உங்க காலத்துல பேஷன்ட்டுக்கே தெரியாம மருந்து குடுப்பீங்களாமே? நெஜமா?"

"முறுக்கு எடுத்துக்கோம்மா" என்றேன்.

அன்றைக்கு அப்படித் தப்பித்தேன். வாசல்வரை போனவள் திரும்பி நின்று பார்த்தாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதினால் நடுவில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது.

நான் பனமலைக்காரி. நைனா அடுத்தவர் கழனியில் கூலிக்கு வரப்பு வெட்டியவர். எங்கள் தெருவில் நர்ஸ் உடுப்புப் போட்ட முதல் ஆள் நான்தான். படிப்பில் மூன்று வருடம் கற்றுக்கொண்டதை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். படுக்கை விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது, திட்டு வாங்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. இரண்டுமே கடைசிவரை கை கொடுத்தன. செஞ்சி ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்ததும் புதன்கிழமை மனநலப் பிரிவை என் தலையில் கட்டினார்கள். யாரும் கேட்டு வாங்காத வேலை அது. புதுசாக வந்தவளுக்குத்தான் அந்த மாதிரி வேலையெல்லாம் தேடி வரும்.

புதன்தோறும் வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் வருவார். ஒல்லியான மனிதர், குரலே எழும்பாது. முதல் கேள்வியை நோயாளியிடம் கேட்க மாட்டார், கூட்டி வந்தவரிடம் கேட்பார். "நீங்க தூங்குனீங்களா?" முக்கால்வாசிப் பேர் இதற்கே அழுதுவிடுவார்கள். அதுவரை அவர்களை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு நோயாளி பக்கம் திரும்புவார். "நேத்து உங்க வூட்ல இன்னா கொழம்பு?" குழம்பைச் சொன்னால் என்ன காய், யார் வைத்தது, உப்பு சரியா, யாரெல்லாம் சாப்பிடவில்லை என்று போவார். பதினைந்து நிமிடத்தில் அந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பது உட்பட எல்லாம் குழம்பு வழியாகவே வெளியே வந்துவிடும். அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவுக்கு நாம் தொலைந்தோம் என்று அர்த்தம்.

அமாவாசை கழித்து வருகிற புதனில் கூட்டம் தாங்காது. மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கையில் எலுமிச்சம்பழமும் நெற்றியில் குங்குமமுமாக எங்களிடம் வந்து இறங்குவார்கள். ஆரம்பத்தில் நான் முகத்தைச் சுளிப்பேன். டாக்டர் சுளித்ததில்லை. "தாராளமா போங்க. ஆத்தாவையும் கும்புடுங்க, மாத்திரையையும் முழுங்குங்க. அதுங்க ரெண்டுக்கும் சண்டை ஒண்ணும் இல்ல" என்பார்.

அப்படி ஒரு புதனில் குங்குமத்தோடு வந்தவர்கள்தான் கடைவீதி பாத்திரக்கடை ஏழுமலையும் அவர் மனைவி பச்சையம்மாளும். மகன் பாஸ்கர் வரவில்லை. வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கடையில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவது அவன் வேலை. கரண்ட் மெஷினைக் கையில் பிடித்தான் என்றால் எழுத்து அச்சடித்த மாதிரி விழும். சுற்றுப்பட்ட ஊர்களில் கல்யாணச் சீர் எதை எடுத்தாலும் அவன் கையெழுத்துத்தான் இருக்கும்.

அந்தக் கையெழுத்தில்தான் வியாதி முதலில் தெரிந்தது. யாரோ கல்யாணத்துக்காக ஒரு பெரிய அண்டா வாங்கி, மணமக்கள் பேர் வெட்டித் தரச் சொன்னார்கள். பேர் சரியாகத்தான் வெட்டியிருந்தான். அதற்குக் கீழே, "இதில் ஊற்றுவதை எல்லாம் அவர்கள் பார்க்கிறார்கள்" என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. மண்டபத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்க, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்க்க, சமையல்காரர் மட்டும் அந்த அண்டாவில் ரசம் வைக்க மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டாராம். ஏழுமலை மெஷினைப் பிடுங்கிப் பூட்டி வைத்தார். அதற்குள் வீட்டில் இருந்த நல்ல பாத்திரம் எல்லாவற்றிலும் பாஸ்கர் ஏதாவது எழுதி முடித்திருந்தான்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனச்சிதைவு என்றார். காதில் கேட்கும் குரல் அவனுக்கு நிஜம், அதோடு வாதாட வேண்டாம், அவனோடு பேசுவதையும் நிறுத்த வேண்டாம் என்றார். அந்த வீட்டில் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவள் தங்கை கவிதா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்பாளாம். "அண்ணா, இன்னிக்கு எத்தினி பேரு பேசறாங்க?" அவன் நாலு என்பான். "அவங்களுக்கும் சேத்து மாவு கரைக்கணுமா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த நாட்களில் இரண்டு தோசை கூடுதலாக இறங்கும்.

ஏழுமலையும் லேசுப்பட்ட மனிதர் இல்லை. ஒரு நாள் பாஸ்கர் ராஜகிரிக் கோட்டை மலை உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றான். மூட்டு வலிக்காரரான அப்பா தூக்குவாளியில் சாம்பார் சாதத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து மேலே போனார். திட்டவில்லை, கெஞ்சவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பிறகு, "நைனாவுக்கு எறங்க முடியல, கைய புடிடா" என்றாராம். அவன் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்துவிட்டான். மனநலத்தைப் பற்றி நான் உட்கார்ந்து கேட்ட எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தரவில்லை.

ஆனால் மாத்திரையை மட்டும் அவன் தொடவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, நீங்களே முழுங்குங்கள் என்று சொல்லிவிட்டான். தூக்கமும் இல்லை, சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. "ரெண்டே வாரம். கொஞ்சம் தெளிஞ்சதும் அவர்கிட்ட உண்மையைச் சொல்லி இங்க கூட்டிட்டு வரணும்" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். பச்சையம்மாளுக்குச் செய்முறை சொல்லிக் கொடுத்தது நான்தான். காப்பியை முதலில் ஆற்றிவிட வேண்டும், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஊற்ற வேண்டும், ஒவ்வொரு சொட்டாக எண்ண வேண்டும், பேச்சு வாக்கில் ஊற்றக் கூடாது. அந்த வீட்டில் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர், ஒவ்வொன்றிலும் பாஸ்கரே வெட்டிய பேர். அதனால் மாறிப் போகும் என்ற பயமே இல்லை.

மருந்து கேட்டது. பாஸ்கர் தூங்கினான், குளித்தான், கடையில் வந்து உட்கார்ந்தான். இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. "சொல்லிட்டீங்களா சிஸ்டர்?" என்பார் டாக்டர். "அடுத்த வாரம் சார்" என்பேன். இப்படி அடுத்த வாரம் அடுத்த வாரமாகவே இரண்டு வருடத்தை ஓட்டினேன். சொன்னால் நிறுத்திவிடுவானோ என்று அவன் அம்மாவுக்குப் பயம். என்னுடையதை நான் பயம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, அது சோம்பல்தான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் காரியத்தில் யார் கை வைப்பார்கள்?

டாக்டர் அவனை நேரில் பார்த்தாக வேண்டும் என்றபோதும் வழி கண்டுபிடித்தவள் நான்தான். அம்மாவுக்குத்தான் வியாதி, துணைக்கு நீ வா என்று சொல்லி அவனைக் கூட்டி வரச் செய்தேன். டாக்டர் கண்ணாடியை நீளமாகத் துடைத்தார், ஆனாலும் வேறு வழி இல்லாமல் பச்சையம்மாளையே கேட்டார்.

"ஏம்மா, காதுல யாராச்சும் பேசற மாதிரி கேக்குதா?"

பச்சையம்மாள் ஓரக்கண்ணால் மகனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முன்ன நாலு பேரு பேசுனாங்க சார். இப்ப ஒருத்தன்தான் பேசறான். அவனும் ஒண்ணும் பெருசா பேசறதில்ல."

பாஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெருமையோடு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் கவிதாவுக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சரவணன், டிராக்டர் ஷோரூமில் வேலை. அதற்கு முன்னால் வந்த இரண்டு வரன்கள் பாஸ்கரைப் பற்றித் தெரிந்ததும் போனையே எடுக்கவில்லை. அதனால் இந்த முறை, அண்ணன் பெங்களூரில் வேலை பார்க்கிறான் என்று தரகர் வழியாகச் சொல்லிவிட்டார்கள். கவிதா மூன்று நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. பச்சையம்மாள் அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தாள்.

பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ்கரைக் கடை மாடியில் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். வீட்டில் அவன் பேர் போட்ட பாத்திரம் எதுவும் கண்ணில் படக் கூடாது. அவன் கருத்துச் சொல்லியிருந்த தட்டுகளும் கூடாது. ஊருக்கே பாத்திரம் விற்கிற வீட்டில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் ஆறு பீங்கான் கோப்பை இரவல் வாங்கினார்கள். ஆறும் ஒரே மாதிரி, பூப்போட்டவை. வந்தவர்கள் ஐந்து பேர், ஆறாவது பாஸ்கருக்கு. ஆறையும் ஒரே தட்டில் வைத்துக் காப்பி ஊற்றி, வலது மூலைக் கோப்பையில் பச்சையம்மாள் சொட்டு மருந்தை எண்ணி விட்டாள். இன்றைக்கு ஒரு நாளாவது அமைதியாக இருக்கட்டும் என்று, வழக்கமாக விடுவதைப்போல் இரண்டு மடங்கு விட்டாள். அடுப்பில் பால் பொங்கியது. அவள் திரும்பி அடுப்பை அணைத்த நேரத்தில், கவிதா தட்டைத் தூக்கினாள், முந்தானை நழுவவே அதைச் சரிசெய்ய மறுபடி கீழே வைத்தாள். தட்டு திரும்பிவிட்டது. பச்சையம்மாள் வலது மூலைக் கோப்பையை எடுத்து மகனுக்குக் கொடுத்தனுப்பினாள்.

காப்பி குடித்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள், சிங்கவரம் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து இலையில் உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் கழுத்து இடது பக்கம் திரும்பிக்கொண்டது. திரும்பியது திரும்பியதுதான். கவிதா வலது பக்கம் நின்று பரிமாறினாள். பெண் பார்க்க வந்த பிள்ளை பெண்ணைத் தவிர காலண்டர், மிக்சி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா அந்தப் பக்கமே பாக்கற?" என்றார் தாய்மாமன் தணிகாசலம். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருக்கு எதிலும் ஒரு முடிவான கருத்து உண்டு.

"திரும்ப மாட்டேங்குது மாமா" என்றான் சரவணன். நாக்கும் குழறியது.

மாமன் சுளுக்கு என்றார், விளக்கெண்ணெய் கேட்டார். அவன் அம்மா, யாரோ என்னவோ வைத்துவிட்டார்கள், வண்டியை மேல்மலையனூருக்கு விடு என்று அழுதாள். நான் அடுத்த தெருவில்தான் குடியிருந்தேன். ஏழுமலை செருப்பில்லாமல் ஓடி வந்தார். நான் போய்ப் பார்த்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. பழக்கமில்லாத இளவட்ட உடம்பில் அந்த மருந்து ஏறினால் சில பேருக்கு இப்படித்தான் இழுக்கும். பச்சையம்மாளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் விளங்கியது. மாமன் எண்ணெய்க் கையோடு கழுத்தைத் திருகப் போக, "ஐயா, கைய எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியர் இரண்டு அடி பின்னால் போனார்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டரிடம் தனியாக நடந்ததைச் சொன்னேன். அவர் ஊசி போட்டார். இருபது நிமிடத்தில் சரியாகிவிடும் என்றதும் மாமன் என் பக்கம் திரும்பினார்.

"இது எதனால வந்துச்சும்மா?"

தலையணை சரியில்லாமல் படுத்திருப்பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். இரண்டு வருடப் பழக்கம், பொய் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. உண்மையைச் சொன்னால் கவிதாவின் கல்யாணம் போய்விடும், பாஸ்கரும் இனி யார் கையாலும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டான். கவிதா சுவர் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் பாஸ்கர் வந்து நின்றான். கடைவீதியைத் தனியாக நடந்து கடந்து அவன் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கையில் அந்தப் பூப்போட்ட கோப்பை.

"அது என் காப்பி" என்றான்.

அவன் அம்மாவிடம் கோப்பையை நீட்டினான். "இரவல் கப்பு. ஒடைஞ்சுடப் போவுதுன்னு எடுத்தாந்தேன். கடைக்காரப் பையன் மாப்பிள்ளைக்கு கழுத்து இழுத்துக்கிச்சுன்னான். எனக்கும் மொதல்ல அப்படித்தான் இழுத்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, எனக்கு வந்தது மருந்தில்லாத காப்பி."

பச்சையம்மாள் கோப்பையை வாங்கிக்கொண்டு கேட்டாள். "பாஸ்கரு, ஒனக்குத் தெரியுமா?"

"பாத்திரக்கடக்காரன் வூட்ல எதைம்மா மறைக்க முடியும்? நீ இந்தப் பக்கம் திரும்பி ஊத்துனா அந்தப் பக்கம் குடத்துல தெரியும். ஊத்தும்போது ஒன் ஒதடு எண்ணும்."

"தெரிஞ்சா ஏண்டா குடிச்ச?"

"மொதல்ல விஷம்னுதான் நெனச்சேன். காதுல பேசறானே, அவனும் குடிக்காத குடிக்காதன்னுதான் சொன்னான். அப்பறம் யோசிச்சேன். விஷம் வெக்கிறவங்க எண்ணியா வெப்பாங்க?" அம்மாவைப் பார்த்துச் சொன்னான். "நான் குடிச்சு முடிச்சாதான் நீ காப்பி எடுத்து வாயில வெப்ப. அதான் குடிச்சேன்."

முப்பத்தோரு வருட வேலையில் எனக்கு அத்தனை வெட்கமாக இருந்தது அந்த ஒரு நாள்தான். அவனுக்குத் தெரியாது என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, நாலு பேர் ஒருத்தனான கதையை அம்மா சொல்லச் சொல்லச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதைக்கூட நான் நோட்டில் 'அமைதியாக உள்ளார்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "அப்ப அண்ணன் பெங்களூர்ல இருக்காருன்னு சொன்னது?"

"பெங்களூர் இல்லீங்க, கடை மாடி" என்றாள் கவிதா. "இவர்தான் எங்கண்ணன். மறைச்சது எங்க தப்பு. இனிமே யாரு என்னைப் பாக்க வந்தாலும் மொதல்ல இவரைப் பாத்துட்டுத்தான் என்னைப் பாக்கணும்."

கழுத்து பாதி நேராகியிருந்த சரவணன் கட்டிலிலிருந்து மெதுவாகக் கேட்டான். "அண்ணே, உங்களுக்கு எத்தினி நாளு இப்படி இருந்துச்சு?"

"விட்டு விட்டு ஒரு வாரம் இருக்கும்."

"ஒரு மத்தியானமே என்னால முடியல. யாருகிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா எனக்கு மருந்து விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சுடுமே."

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமலே வண்டி ஏறினார்கள். மாமன் வாழ்நாளில் இந்த ஊரில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பச்சையம்மாள் ஆறு கோப்பையையும் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அழுதாள்.

புதன்கிழமை டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார், கண்ணாடி தேய்ந்தே போகும் என்று நினைத்தேன். பிறகு பாஸ்கரை உட்கார வைத்து, "உங்ககிட்ட சொல்லாம மருந்து குடுத்தோம். தப்பு. மன்னிச்சுக்கோங்க" என்றார். நானும் சொன்னேன். பாஸ்கர் யோசித்துவிட்டு, "பரவால்ல சார், காப்பி நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். அன்றிலிருந்து மாத்திரையை அவனே எண்ணி எடுத்துக்கொள்கிறான். எடுக்கும்போது பச்சையம்மாளின் உதடு மட்டும் இன்னும் எண்ணும். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் சரவணன் தனியாகக் கடைக்கு வந்து ஓர் எவர்சில்வர் டம்ளர் எடுத்தான். பேர் வெட்டித் தர வேண்டும் என்றான். ஏழுமலை, பேர் வெட்டுவதை விட்டுவிட்டோம் தம்பி என்றார். "பேர் வெட்டாத டம்ளர்ல உங்க வூட்ல நான் எப்படிங்க நம்பிக் காப்பி குடிப்பேன்?" என்றான் அவன். ஏழுமலைக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சாவியைத் தேடினார். இடுப்பிலேயே இருந்த சாவியைக் கடை முழுக்கத் தேடினார். பாஸ்கர் இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து மெஷினைக் கையில் எடுத்து 'சரவணன்' என்று வெட்டினான். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தணிகாசலம் மட்டும் இன்றுவரை அந்த வீட்டுக்கு வரும்போது ஃபிளாஸ்க்கோடுதான் வருகிறார்.

நான் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். பாஸ்கர் ஒரு புது டம்ளரைக் கொடுத்தான், என் பேர் வெட்டியது. பழைய ஞாபகத்தில் நான் அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்தேன், அடியையும் பார்த்தேன்.

"வேற ஒண்ணும் எழுதல சிஸ்டர்" என்றான். "அவன் எழுதச் சொன்னான். நான்தான் எழுதல."

பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு, அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கூடத்துக்கு எடுத்து வந்து என் எதிரில் வைத்தான். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான்.

"இது பாலு. இது டிகாஷன். உங்களுக்கு சுகர் இருக்குதுன்னு அம்மா சொன்னாங்க, அதனால சர்க்கரை அரை ஸ்பூன்தான். போடட்டுங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கேள்வியை இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவனிடம் கேட்கவில்லை.

"போடுப்பா" என்றேன்.